வெயிலில் காயப்போடக்கூடிய துணி

இன்று காலை ஆக்லாந்தின் ஒனேஹங்காவில் அந்தப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது கழுவி மடித்த ஃபிளனல் துணியின் மணம். யாரோ ஒருவருடைய கட்டிலில் பல குளிர்காலம் கிடந்து, சலவைத்தூளும் மர அலுமாரியும் சேர்ந்து ஊறிய மணம். குவியலுக்குள் கடும் நீலத்தில் ஒரு விரிப்பு இருந்தது. இழுத்தெடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நூல் தேய்ந்து மெலிந்திருந்தது. "காணும், இது கெதியாக் காயும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் கோப்பைகளைப் புரட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் என்ன மொழியில், யாரோடு கதைத்தேன் என்று அவளுக்கு விளங்கியிருக்காது. எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. உன்னோடுதான் கதைத்திருக்கிறேன்.

நீ போன பிறகு வருகிற முதல் மாரி இது. மழையும் விடவில்லை, துணியும் காயவில்லை.

இந்தத் துணி தைக்கிற வேலை எப்படித் தொடங்கியது என்று பலர் கேட்கிறார்கள். ஆல்பனியில் உன் மகள் படிக்கிற பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, என்னைப் பேசச் சொன்னார்கள். "அது என் தோழி ஒருத்தியின் யோசனை" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். யோசனையா அது? நீ என் குசினிக்குள் வந்து நின்ற அந்த ஞாயிறு பின்னேரத்துக்கு யோசனை என்று பெயர் வைத்தால் நீயே சிரிப்பாய். முழுவதையும் ஒரு தடவை உன்னிடமே சொல்லிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதிதான் அதிகம். தெரியாத பகுதியும் கொஞ்சம் இருக்கிறது.

ஆக்லாந்தில் எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கியவள் நீ. எனக்கும் நீதான் பழக்கினாய். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனால் வந்த வழி வேறு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து நேரத்தோடு கொழும்புக்குப் போய், படிப்பைக் காட்டி விசா எடுத்து வந்து, பென்ரோஸில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு ஒஃபிஸில் வேலைக்குச் சேர்ந்தவள். நீ மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய், சண்டை முடியும் மட்டும் அதற்குள்ளேயே கிடந்து, முள்வேலி முகாமையும் கண்டு, அகதியாக வந்தவள். நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன், நீ ஞாயிறு தேவாலயத்துப் பூசைக்குப் போவாய். பூசை முடிந்த கையோடு உன் வகுப்புத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பென்ரோஸ் தெருக்களில் பாரவண்டிகள் இல்லை. மூடிக் கிடக்கும் களஞ்சியங்களுக்கு நடுவே பழகுகிறவர்களுக்கு நல்ல இடம். சந்தியில் நான் உறைந்துபோய் நின்றால் பக்கத்து இருக்கையிலிருந்து சத்தம் வரும்:

"பயம் எண்டா முதல்லை இண்டிகேற்றரைப் போடு. போட்டுட்டுப் பயப்பிடு."

எவ்வளவோ கதைத்திருக்கிறோம், வீட்டு ரென்ற், பிள்ளைகளின் படிப்பு, உன் மனிசனின் முதுகுநோ, என் மாமியாரின் வாய். வன்னியைப் பற்றி மட்டும் நீ வாய் திறந்ததில்லை. கேட்கக்கூடாது என்று எனக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறு நீ எப்சமில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு சப்பாத்தைக் கழற்றி, மற்றதைக் கழற்ற மறந்து, அப்படியே குசினிக்குள் வந்துவிட்டாய்.

"தேத்தண்ணி போடட்டோ?" என்றேன்.

"வேண்டாம். இருந்து கேள்."

ஹனான் என்ற அந்தப் பெண்ணை அதுவரை நான் கண்டதில்லை. காசாவில் பிறந்தவள், இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை, உன்னிடம் கார் பழகுகிறாள் என்பது மட்டும் தெரியும். அன்று அவளுடைய வகுப்பு.

"வட்டச் சந்தியைத் தாண்டின உடனை அவளின்ரை போன் சத்தம் போட்டுது. நான் பழக்கினபடி அவள் போனைத் தொடேல்லை. ஆனா கண் றோட்டிலை இல்லை. ஓரமா நிப்பாட்டு எண்டன். ஒரு களஞ்சியத்தின்ரை கேற்றடியிலை நிப்பாட்டினாள். தங்கச்சியின்ரை மெசேஜ். கன நாளா ஒரு சத்தமும் இல்லாமல் இருந்து வந்தது."

"ஆருக்கும் ஏதும்…?"

"ஒருத்தரும் சாகேல்லை. தங்கச்சியின்ரை மூத்த பிள்ளை பெரிசாயிட்டாளாம். கூடாரத்துக்குள்ளை. வைக்கிறதுக்கு ஒரு துண்டுத் துணி இல்லையாம். கூடாரத்தின்ரை மூலையை வெட்டிக் குடுத்திருக்கிறாள். அது பிள்ளையின்ரை தோலை உரிக்குதாம். 'அக்கா, நான் என்ன செய்ய?' எண்டு கேட்டு எழுதியிருக்கிறாள். சாப்பாடு கேக்கேல்லையடி. இதைத்தான் கேட்டவள்."

நான் அடுப்பை நிறுத்தினேன். நீ மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவியபடி, முதல் தடவையாகச் சொன்னாய்.

"பங்கருக்குள்ளை எங்களுக்கும் ஒண்டும் இருக்கேல்லை. அம்மா தன்ரை கலியாணச் சீலையைக் கிழிச்சவ. பட்டு ஒண்டையும் உறிஞ்சாது, தெரியுமோ? எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். பிறகு முள்வேலிக் காம்பிலை பழந்துணி கிடைச்சுது. ஆனா தோய்க்கத் தண்ணி இல்லை. தோய்ச்சாலும் காயப்போட இடமில்லை. சுத்திவர ஆமிக்காரர். சட்டைக்குக் கீழை மறைச்சுக் காயப்போட்டா அது காயுமோ? ஈரத்தோடையே வைச்சது. புண்ணாகி, காய்ச்சலாகி, என்ரை சின்ன மச்சாள் பட்ட பாடு…"

அதற்கு மேல் சொல்லவில்லை. எழுந்து குழாயைத் திறந்து முகம் கழுவினாய். துடைத்துக்கொண்டு திரும்பியபோது உன் குரல் பழையபடி ஆகியிருந்தது. "துணியாலை சனிற்றரி பாட் தைக்கப்போறன். நீ அனுப்பித் தா."

எது எந்த எல்லையைக் கடக்கும், எது கடக்காது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. உனக்கு உண்மையைச் சொன்னேன். அந்த எல்லைக்குள் மருந்து போகவே பெரும்பாடு, துணிப்பெட்டியை யார் விடுவார்கள்?

"போகாதெண்டு சொல்லுறதுக்கு உலகத்திலை ஆக்கள் நிறைய இருக்கினம்" என்றாய். "நீ போற வழியைத் தேடு."

மறு ஞாயிறு ஹனானை என் வீட்டுக்கே கூட்டி வந்தாய். உயரமான, அதிகம் கதைக்காத பெண். நீ சொல்லச் சொல்லக் கேட்டிருந்தவள், கடைசியில் ஆங்கிலத்தில் ஒன்றுதான் கேட்டாள்: "இதற்கு ஆட்களின் இரக்கத்தைத் தேடி என் தங்கையின் படத்தை எங்கேயாவது போடுவீர்களா?" நீ இல்லை என்று தலையாட்டினாய். "ஒருத்தரின்ரை படமும் இல்லை. ஒருத்தரின்ரை கதையும் இல்லை. துணி மட்டும்." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஹனான் தன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். அன்றைக்குத்தான் இது உண்மையில் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

தைக்க இடம் வேண்டும். கோயில் மண்டபம் சனிக்கிழமை காலையில் சும்மாதான் கிடக்கிறது என்று நிர்வாகக் கூட்டத்துக்குப் போனோம். செயலாளர் சிவபாலண்ணை கெட்டவர் இல்லை. நீ 'பாட்' என்ற சொல்லைச் சொன்னதும் அவர் மேசையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, நோக்கம் நல்லது. ஆனா சாமி இருக்கிற இடத்திலை உந்தச் சாமானுகளை வைச்சு…"

"அண்ணை, போன மாதம் இந்த மண்டபத்திலை ஒரு சாமத்தியவீடு நடந்ததோ இல்லையோ? பிள்ளையைப் பல்லக்கிலை தூக்கிக்கொண்டு வந்தவை. நானும் வந்து சாப்பிட்டனான்."

"ஓம், அது வேறை."

"அது என்னத்துக்கு நடந்ததண்ணை?"

பின் வரிசையில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பிள்ளை பெரிசானதைக் கொண்டாடத்தான் சாமத்தியவீடு என்று செயலாளருக்குத் தெரியாதா என்ன? அப்போதுதான் சுவரோரம் இருந்த ஒருவர் எழுந்தார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது உன்மேல் வந்த கோபம் இல்லை.

"எங்கடை சனம் அங்கை சாகேக்கை ஆர் வந்தவை? ஆர் ஒரு துண்டுத் துணி அனுப்பினவை? இப்ப நாங்கள் மட்டும் ஏன்?"

அந்தக் கேள்வி அங்கே இருந்த எல்லோரிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது. நீ அவரை நேரே பார்த்தாய்.

"ஒருத்தரும் வரேல்லை அண்ணை. நான் உள்ளுக்கை இருந்தனான், எனக்குத் தெரியும். ஒருத்தரும் வராட்டி எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்ச ஆள்தான் இப்ப வந்து கேக்கிறன்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் மண்டபம் கிடைக்கவில்லை. 'பிறகு பாப்பம்' என்றார்கள். கார் நிற்கும் இடத்துக்கு நாங்கள் வந்தபோது பின்னாலேயே ஒருவர் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். செயலாளரின் மனைவி பத்மாக்கா.

"நில்லுங்கோ பிள்ளையள். உங்களிட்டை ஓவர்லொக் மெஷின் இருக்கோ? ஓரம் அடிக்காட்டி ரெண்டு தோய்ப்பிலை பிரிஞ்சுபோம். என்னட்டை இருக்கு. எங்கை கொண்டு வரவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"அண்ணை ஏசமாட்டாரோ?" என்றேன்.

"அவர்தான் மெஷினைக் காரிலை தூக்கி வைக்கப்போறார். வேறை ஆர் தூக்கிறது?"

இடத்தை உன் தேவாலயத்தில் பிடித்தாய். சமோவாக்காரரான சுவாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, "போகும்போது ஹீற்றரை அணைத்துவிட்டுப் போங்கள்" என்று தேவாலய மண்டபத்தின் திறப்பை உன் கையில் தந்தார்.

அந்தச் சனிக்கிழமைகளை எப்படி மறப்பேன்? பழைய கடைகளில் வாங்கிய ஃபிளனல் விரிப்புகளைச் சுடுதண்ணீரில் தோய்த்து, காய வைத்து, வெட்டி, தைத்து, மடிப்போம். முதல் நாளே பத்மாக்காவுக்கும் உனக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. அவர் நல்ல தடிப்பாக, பூப்போட்ட துணியில், கடைச் சாமான் மாதிரியே ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீ அதை வாங்கி, வாளித் தண்ணீரில் போட்டுப் பிழிந்து, யன்னலோரம் தொங்கவிட்டாய். பக்கத்தில் நீ வெட்டிய ஒற்றை மெல்லிய துணியையும் நனைத்துத் தொங்கவிட்டாய். மத்தியானம் பத்மாக்காவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய். உன்னுடையது காய்ந்திருந்தது. அவருடையது சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, தோய்க்க ஒரு கோப்பைத் தண்ணிதான் கிடைக்கும். கெதியாக் காயவேணும். வெயிலிலை வெளிப்படையாக் காயப்போடவேணும். பாக்கிறவனுக்கு முகம் துடைக்கிற கைலேஞ்சி மாதிரித் தெரியவேணும். அப்பதான் ஒரு பொம்பிளை அதைத் துணிஞ்சு கொடியிலை போடுவாள்."

விரித்தால் சதுரத் துணி, மடித்து உள்ளே வைத்தால் பாட். அதுதான் உன் வடிவம். கறை தெரியாமல் இருக்கக் கறுப்பில் தைப்போம் என்று நான் சொன்னபோது ஹனான் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "கறுப்பு வேண்டாம். அங்கே கறுப்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது." அப்படித்தான் கடும் நீலமும் மண் நிறமும் வந்தன.

வழியை நான் தேடினேன். ஒஃபிஸில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எகிப்து வழியாகச் சாமான் அனுப்பும் ஒரு நிவாரண அமைப்பு எங்கள் பெட்டிகளையும் தங்களுடையவற்றோடு சேர்க்க ஒப்புக்கொண்டது. முதல் பெட்டிகள் மண்டபத்திலிருந்து போன நாள், நீ வாசலில் நின்று வான் வண்டியின் கதவைக் கையால் தட்டி அனுப்பி வைத்தாய், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி.

பெட்டிகள் எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதோடு நின்றன. எல்லை திறக்கும் என்பார்கள், மூடிவிட்டது என்பார்கள். பட்டியலில் பெயர் வந்தது என்பார்கள், எடுத்துவிட்டார்கள் என்பார்கள். கடைசியில் ஒரு படம் அனுப்பினார்கள். திறந்த வெளியில், வெயிலில், பிளாஸ்ரிக் சுற்றுக் கிழிந்து அடுக்கடுக்காக நிற்கும் சாமான்கள். எங்கள் பெட்டி ஒன்றின் மூலையில் பத்மாக்கா ஒட்டிய நீல நாடா தெரிந்தது. மண்டபத்தில் அந்தப் படத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தோம். மெஷின்கள் ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தவர்கள் பாதிப்பேர்தான்.

அந்தக் கிழமைதான் உன் வயிற்று நோவுக்குப் பெயரும் கிடைத்தது. அல்சர் என்று நீ மாதக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தது, அல்சர் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து காருக்குள் ஏறியதும் என்னிடம் சொன்னாய். கணையத்தில், பரவிவிட்டது, வெட்ட ஏலாது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "சரி, காரை எடு. உந்தப் பெட்டியளுக்கு ஒரு வழி சொல்லு" என்றாய்.

சொன்னேன். காயப்பட்ட பிள்ளைகளோடு வெளியே வந்து கெய்ரோவில் வாடகை அறைகளில் இருக்கிற குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று. "குடு. அவையும் பொம்பிளையள்தானே" என்றாய். பெட்டிகள் திரும்பிப் போய் அந்த அறைகளுக்குச் சேர்ந்தன. அது வீண் வேலை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஹனானின் தங்கை ரீமாவின் பிள்ளை இன்னும் அதே கூடாரத்தில் இருந்தாள்.

ரீமா அந்த நாட்களில்தான் எழுதினாள். ஹனான் உன் வீட்டு முன்னறையில் இருந்து எங்களுக்கு மொழிபெயர்த்தாள். "அக்கா, நீங்கள் அனுப்புவது வந்து சேராது. அதற்காகக் காத்திருக்க எங்களால் முடியாது. என்னிடம் ஊசி இருக்கிறது. பழைய உடுப்புகள் இருக்கின்றன. நீங்கள் அதை எப்படி வெட்டுகிறீர்கள் என்று எனக்குக் காட்டுங்கள்."

நீ தலையணையில் சாய்ந்து கிடந்தவள் சிரிக்கத் தொடங்கினாய். சிரிக்கச் சிரிக்க வயிறு நொந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"எடியே, நாங்கள் அவளிட்டை ஒரு நாளும் கேக்கேல்லையே! கப்பலைக் கேட்டம், எல்லையைக் கேட்டம், கோயிலைக் கேட்டம். அவளிட்டை 'உனக்கு என்ன வேணும்' எண்டு கேக்கேல்லை."

வீடியோ எடுப்பது என்று முடிவாயிற்று. பத்மாக்கா தன் மெஷினில் செய்து காட்டுகிறேன் என்றார். நீ விடவில்லை. அங்கே கரண்ட் இல்லை, ஊசியும் நூலும் மட்டும் வைத்துச் செய்ய வேண்டும், அதை நான்தான் செய்திருக்கிறேன் என்றாய். பின்னேர வெயில் வரும் அந்த யன்னலருகே உன் கதிரையை இழுத்துப் போட்டோம். நான் போனைப் பிடித்தேன். ஹனான் அரபியில் சொல்ல வேண்டும். உன் மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

தொடங்குவதற்கு முன் உன் இடது கையைப் பார்த்தாய். மருந்து ஏற்றிய இடத்தில் ஊசியும் பிளாஸ்ரரும்.

"உந்த ஊசியைத் துணியாலை மறை. அவை கண்டா எனக்காகக் கவலைப்படுவினம். அவைக்கு இருக்கிற கவலை காணும்."

சட்டைக் கையை நீளமாக இழுத்து விட்டேன். நீ ஒரு பழைய ரீசேர்ட்டைக் கத்தரித்தாய். மடித்தாய். தையல் போட்டாய். ஒவ்வொரு தையலும் மெதுவாக விழுந்தது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, நூல் இரண்டு தடவை ஊசியிலிருந்து கழன்றது. வெட்டிவிட்டு மறுபடி எடுப்போமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாய். பிறகு கீழே வைத்திருந்த உடைந்த குடையை எடுத்து, கம்பியிலிருந்து துணியைக் கழற்றி, அதில் ஒரு துண்டு வெட்டினாய்.

"இதை அடியிலை வையுங்கோ. ஈரம் வெளியிலை வராது. தோலிலை படக்கூடாது, அடியிலை மட்டும்."

உன் மகள் வாசல் நிலையை விட்டு நிமிர்ந்தாள். "அம்மா," என்றாள், "ஹவ் டூ யூ நோ திஸ்?"

நீ தையலை நிறுத்தவில்லை. "காம்பிலை இருக்கேக்கை உன்ரை சின்ன மாமிக்குச் செய்து குடுத்தனான். குடை வேறை ஒராளின்ரை. கேக்காமல் எடுத்தனான்."

"யூ நெவர் டோல்ட் மீ."

"இப்ப சொல்லுறன். கிட்ட வந்து இரு. நூலைப் பிடி."

அவள் வந்து உன் காலடியில் அமர்ந்தாள். வீடியோவின் கடைசிப் பகுதியில் நூற்பந்தைப் பிடித்திருக்கும் இன்னொரு கை தெரியும். அது அவளுடையது. ஹனான் அரபியில் சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவள் குரல் உடைந்தது. நீ தலை நிமிராமலே தமிழில், "ஓரமா நிப்பாட்டிப் போட்டு அழு. பிறகு எடு" என்றாய். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அனுப்பிய பிறகு பதில் இல்லை. அங்கே தொடர்பு அறுந்துவிட்டது என்றார்கள். நீ ஒவ்வொரு நாளும் ஹனானிடம் கேட்டாய். பிறகு கேட்கும் பலமும் இல்லாமல் போனது. பதில் வருவதற்கு முன் நீ போய்விட்டாய்.

இனிச் சொல்வதெல்லாம் உனக்குத் தெரியாதது.

உன் அடக்கப் பூசைக்கு நீ பழக்கிய பெண்கள் எல்லோரும் தாங்களே கார் ஓட்டி வந்தார்கள். தேவாலயத்துத் தெரு இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. சிவபாலண்ணை வந்திருந்தார். கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டவரும் வந்திருந்தார். உன் பெட்டியைத் தூக்கியவர்களில் அவர் ஒருவர். யாரும் அவரைக் கேட்கவில்லை, தானாகவே வந்து தோள் கொடுத்தார். இப்போது சனிக்கிழமைகளில் மண்டபத்தில் துணி வெட்டுகிறார். அதிகம் கதைப்பதில்லை. நேராக வெட்டுகிறார்.

சில கிழமைகள் கழித்து ஹனானின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கூடாரங்களுக்கு நடுவே ஒரு கொடி. அதில் வரிசையாகச் சதுரத் துணிகள், பல நிறத்தில். யாருடைய சட்டையோ, யாருடைய தலையணை உறையோ. காற்றில் ஆடிக்கொண்டு, நல்ல வெயிலில், எல்லோரும் நடந்து போகிற பாதையோரம் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு ஆண் குனிந்து அந்தக் கொடியைக் கடந்து போகிறான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்மாக்கா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். உன் வீடியோ கூடாரத்திலிருந்து கூடாரத்துக்குப் போனுக்குப் போன் மாறிப் போயிருக்கிறது. ரீமா தன் பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தைக்கிறாள். மூத்த மகளும் தைக்கிறாளாம். குடைத்துணிக்குப் பதிலாக அவர்கள் மழைக்கோட்டை வெட்டிப் பார்த்து, அது உன் முறையைவிட நல்லது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். உனக்கு அது சந்தோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஹனான் நீ போனதை ரீமாவிடம் சொல்லவில்லை. "இன்னுமொரு சாவுச் செய்தியை நான் அங்கே அனுப்ப மாட்டேன்" என்றாள். எனக்கு அது சரியாகவும் பட்டது, சரியில்லாமலும் பட்டது. ரீமா ஒவ்வொரு தடவையும் உன்னைச் சுகம் கேட்பாள். ஹனான் 'நலம்' என்று எழுதுவாள். போன மாதம் ரீமா நேரே கேட்டாள்: "அந்தக் கைகளுக்குரியவள் ஏன் எனக்கு ஒரு சொல்லும் அனுப்புவதில்லை? எங்கள் தையலில் ஏதும் பிழை கண்டாளா?"

ஹனான் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் மண்டபத்து மேசையில் இருந்து யோசித்தோம். பிழை கண்டாய் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க விடக்கூடாது என்று நான் சொன்னேன். ஹனான் எழுதினாள். நீ இப்போது இல்லை, நோயோடு இருந்துதான் அதைத் தைத்தாய், சட்டைக் கைக்குள் ஊசி இருந்தது, அவர்கள் கவலைப்படுவார்கள் என்று மறைத்தாய், எல்லாவற்றையும் எழுதினாள்.

பதில் குரலாக வந்தது. பின்னால் ஆட்களின் சத்தமும் ஏதோ சாமான்களை இழுக்கும் சத்தமும் கேட்டன. ஹனான் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"இங்கே இருந்தும் எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கே மூட்டை கட்டுகிறோம். என் போனில் இடம் இல்லாமல் போய், எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். வீடு இல்லை, இப்போது படமும் இல்லை. அந்த வீடியோவை மட்டும் அழிக்கவில்லை. அவளுடைய மகளுக்குச் சொல்லுங்கள், அழிக்கவும் மாட்டேன். போகிற இடத்திலும் பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் காட்டுவேன்."

பத்மாக்கா மூக்கைச் சிந்தினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், அடுத்த துணியை இழுத்தார். நாங்கள் இப்போது காசாவுக்குள் பாட் அனுப்புவதில்லை. கெய்ரோவில் இருக்கிற பெண்களுக்கு மட்டும் தைக்கிறோம். உள்ளே இருப்பவர்களுக்கு, அவர்கள் கேட்பதை வீடியோவில் செய்து காட்டுகிறோம். கட்டிலை விட்டு எழ முடியாத வயதானவர்களுக்குத் துணி எப்படிக் கட்டுவது, தோல் புண்ணாகாமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று ரீமா கேட்டிருந்தாள். ஒரு நேர்ஸைக் கூட்டி வந்து காட்டச் சொல்லி, அதையும் எடுத்து அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியாது.

உன் மகளிடம் அன்று பின்னேரமே ஆல்பனிக்குப் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, தமிழில், "திருப்பிச் சொல்லுங்கோ அன்ரி" என்றாள். திருப்பிச் சொன்னேன். உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் பிடித்தது.

ரீமாவின் முகத்தை நான் கண்டதில்லை. அவள் இப்போது எந்த இடத்தில் மூட்டையை இறக்கியிருக்கிறாள் என்றும் தெரியாது. ஆனால் எங்கே இறக்கினாலும் அங்கே ஒரு தேவை இருக்கும், தொடர்பு கிடைக்கிற நேரத்தில் அவள் அதை எங்களிடம் கேட்பாள். கேட்கிற நேரத்தில் இந்தப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நான் இருக்கிறேன்.